ஓடிப்போன மாப்பிள்ளைக்கு ஆரத்தி

சேலையூர் கேம்ப் ரோடு முனையில் நான் டீ குடிக்கிற கடையில் ஒரு சின்ன டி.வி. இருக்கிறது. பஜ்ஜிச் சட்டிக்கு நேர் மேலே மாட்டியிருப்பதால், அதில் தோன்றுகிற மந்திரிகள் எந்தக் கட்சியானாலும் எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சளில்தான் தெரிவார்கள். 2025 அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மஞ்சளுக்கு அடியில் எழுத்து ஓடியது. ஃபோர்டு மீண்டும் வருகிறது. 3,250 கோடி ரூபாய் முதலீடு. மறைமலை நகரில் ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின். 600 பேருக்கு வேலை.

"வண்டி வருதா சார்?" என்றார் மாஸ்டர், டீயை ஆற்றிக்கொண்டே.

"வண்டி கெடையாது. இன்ஜின் மட்டும்."

"வெறும் இன்ஜினை வெச்சு நாம என்னா சார் பண்றது?"

"நாம ஒண்ணும் பண்ண வேணாம். எல்லாம் வெளிநாட்டுக்குப் போவுது."

"எப்ப ஆரம்பிக்கிறாங்களாம்?"

"2029-ல."

மாஸ்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. பாலைப் பார்க்கப் போய்விட்டார். பொங்குகிற பாலுக்கு 2029 வரை பொறுமை கிடையாது.

நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு கதை உண்டு. நிலம், நகை, ஸ்கூட்டர் எல்லாம் சீராக வாங்கிக்கொண்டு தாலி கட்டிய மாப்பிள்ளை, ஒருநாள் பெண்டாட்டி பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடிப்போவார். நாலு வருஷம் கழித்துத் தெருமுனையில் தென்படுவார். மாமியார் விளக்குமாற்றைத் தேடுவாள். மாமனாரோ ஆரத்தித் தட்டைத் தேடுவார். மாப்பிள்ளை திரும்பிவிட்டார் என்று ஊருக்குச் சொல்லியாக வேண்டுமே. அதிலும் சித்திரை வாக்கில் தேர்தல் வருகிறது என்றால் மேளத்துக்கும் சேர்த்தே சொல்லி வைத்துவிடுவார்.

இந்த மாப்பிள்ளைக்கு ஓடுவது புதிதில்லை. 1926-இலேயே கனடாக் கிளை வழியாக ஃபோர்டு இந்தியாவுக்கு வந்தது. பம்பாய், கல்கத்தா, நம்ம மதராஸ் மூன்று இடத்திலும் பட்டறை போட்டது. பெட்டியில் வந்த பாகங்களைப் பிரித்துக் கோர்த்து, ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வக்கீல்களுக்கும் விற்றது. நாடு விடுதலையானது. 1953-இல் சுங்கத் தீர்வை ஆணையம், இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கலாம், வெறும் கோர்த்து விற்பவர்கள் கிளம்பலாம் என்று சொன்னது. சமையலில் ஒரு கை கொடுங்கள் என்றதும் விருந்தாளிக்கு ஊரில் அவசர வேலை வந்துவிட்டது. ஃபோர்டும் கிளம்பியது, கூடவே ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பியது. அது முதல் ஓட்டம்.

இரண்டாம் கல்யாணம் 1995-இல் பேசி முடிந்தது. மஹிந்திரா தோழன் மாப்பிள்ளை, பங்கு ஆளுக்குப் பாதி. தாலி எந்த ஊரில் கட்டுவது என்று மாநிலங்களுக்குள் ஏலம் நடந்தது. மஹாராஷ்டிரா ஒரு பக்கம் இழுக்க, தமிழ்நாடு நிலத்தையும் வரிச்சலுகையையும் தட்டில் வைத்துக் கூப்பிட, 1996 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறைமலை நகரில் 350 ஏக்கர். அடுத்த சில மாதத்தில் ஆட்சி மாறிற்று. 1999-இல் தொழிற்சாலை திறந்தபோது முதல்வர் நாற்காலியில் கருணாநிதி. ஆக, கையெழுத்துக்கு ஒரு கட்சி, ரிப்பனுக்கு ஒரு கட்சி. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தல் மேடையிலும் ஃபோர்டைக் கொண்டுவந்தது நாங்கள்தான் என்று இரண்டு மைக்குகளும் கத்தின. 2021 செப்டம்பரில் அது மூட்டையைக் கட்டியபோது, வழியனுப்பி வைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு என்று சொல்ல ஒரு மைக்குக்கும் கரண்ட் வரவில்லை.

ஊரின் பெயரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வேதாசலம் என்று பெற்றோர் வைத்த பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டு, இங்கே பக்கத்துப் பல்லாவரத்தில் குடியிருந்து, தமிழில் ஒரு வடசொல் கலந்தாலும் மனம் நொந்தவர் அடிகள். அவர் பெயரில் அமைந்த நகரத்தில்தான் 'ஐகான்' என்ற வண்டி பிறந்தது. அதற்கு விளம்பரத்தில் சூட்டிய செல்லப் பெயர் 'ஜோஷ் மெஷின்'. தனித்தமிழ்த் தந்தையின் ஊரிலிருந்து உருதுவும் ஆங்கிலமும் கைகோத்துப் புறப்பட்டுப் போயின. அடிகள் இருந்திருந்தால் கம்பெனியின் பெயரையும் தமிழ்ப்படுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஃபோர்டு என்றால் ஆற்றில் ஆழமில்லாத துறை, கால் நனைய நடந்தே அக்கரைக்குப் போகிற இடம். பெயரிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். நாம்தான் அதில் வீடு கட்டிக் குடியேறப் பார்த்தோம்.

மாப்பிள்ளையின் பூர்வீகத்தைக் கல்யாணத்துக்கு முன்னால் யாராவது விசாரித்தார்களா?

சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் இருக்கிறார்களே, கோட்டின் மேல் மைக் குத்திக்கொண்டு மேடையில் நடப்பவர்கள், அவர்களுக்கு ஹென்றி ஃபோர்டு ஒரு கர்ணன். 1914 ஜனவரியில் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார், அதுவரை கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு, ஆகா என்ன மனசு என்பார்கள். ஏன் கொடுத்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஓடும் வரிசையைப் பூட்டினார். நின்ற இடத்தில் நின்று, ஒரே திருகை நாளெல்லாம் திருகும் வேலை. மனிதனால் தாங்க முடியவில்லை. 14,000 பேரை வேலையில் வைத்துக்கொள்ள அந்த ஒரு வருஷத்தில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. காலையில் வந்தவன் மத்தியானம் ஓடினான். ஓட்டத்தைக் கட்ட அவர் கண்டுபிடித்த கயிறு 5 டாலர். கயிற்றின் மறுமுனையில் 'சமூகவியல் துறை' என்று ஒன்றை வைத்தார். அதன் ஆட்கள் தொழிலாளி வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். குடிக்கிறானா, சேமிக்கிறானா, பெண்டாட்டியோடு ஒழுங்காக இருக்கிறானா, வீட்டைப் பெருக்கி வைத்திருக்கிறானா. நம்ம ஊர் மாமியார்கூட மருமகளின் அடுப்படியை அத்தனை துருவிப் பார்த்திருக்க மாட்டாள்.

1932 மார்ச் 7. பெருமந்தத்தில் வேலை போனவர்கள் சோறும் வேலையும் கேட்டு டியர்பார்னில் ஃபோர்டின் ரூஜ் ஆலைக்கு ஊர்வலமாகப் போனார்கள். போலீஸும் கம்பெனி ஆட்களும் சுட்டார்கள். நான்கு பேர் செத்தார்கள், அடிபட்ட இன்னொருவர் பின்னால் செத்தார். 1937-இல் அதே ஆலையின் மேம்பாலத்தில் துண்டறிக்கை கொடுக்க வந்த தொழிற்சங்கத்தாரைக் கம்பெனியின் அடியாட்கள் பத்திரிகைக்காரர்களின் கேமராவுக்கு முன்னாலேயே புரட்டி எடுத்தார்கள். அமெரிக்காவின் பெரிய மூன்று கார் கம்பெனிகளில் சங்கத்தோடு கடைசியாகக் கையெழுத்துப் போட்டது ஃபோர்டுதான், 1941-இல். அதே 1941-இன் கடைசியில் நம்ம காந்தி அவருக்குத் தன் கையெழுத்திட்ட ஒரு இராட்டையை அனுப்பி வைத்தார். ஓடும் வரிசையைக் கண்டவருக்குக் கைநூற்பு இராட்டை. காந்திக்கு இருந்த நகைச்சுவையை நாம் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

அப்புறம் பிரேசில். டயருக்கு ரப்பர் வேண்டும் என்று 1928-இல் அமேசான் காட்டில், தபஜோஸ் ஆற்றங்கரையில் ஒரு ஊரையே கட்டினார். பெயர் ஃபோர்டுலாண்டியா. சாராயம் கூடாது, சாப்பாடு அமெரிக்கச் சாப்பாடு, வேலை அமெரிக்க நேரம். 1930-இல் சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கிய கலவரத்தில் ஊரே நொறுங்கியது. ரப்பர் மரத்துக்கு இலைக்கருகல் நோய் வந்தது. 2 கோடி டாலர் அளவுக்குக் கொட்டிய இடத்தை 1945-இல் சுமார் 2.5 லட்சம் டாலருக்குப் பிரேசில் அரசிடமே தள்ளிவிட்டு நடையைக் கட்டினார்கள். தன் பெயரை வைத்த அந்த ஊரை ஹென்றி ஃபோர்டு ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. மறைமலை நகருக்கு மூத்தாள் ஒருத்தி காட்டில் இருந்தாள் என்று தரகர் சொல்லவில்லை. மாமனாரும் கேட்கவில்லை.

குற்றம் சொல்லும்போது கொஞ்சம் நியாயமும் சொல்ல வேண்டும். இருந்த காலத்தில் நல்ல வண்டிதான் செய்தார்கள். எங்கள் தெருவில் வேப்பமரத்தடியில் இன்னும் ஒரு ஐகான் நிற்கிறது. பானெட் மேல் வேப்பம்பழம் விழுந்து விழுந்து ஒட்டி, காக்கைகள் அதை ஒரு சாப்பாட்டு மேசையாகவே வைத்துக்கொண்டுவிட்டன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருகினால் ஒரே திருகில் உயிர் வரும். அதைக் கோர்த்த கை இந்த ஜி.எஸ்.டி. ரோட்டுக் கை. 2010-இல் ஃபிகோ வந்தது, 2013-இல் எக்கோஸ்போர்ட் வந்தது. மறைமலை நகர் எக்கோஸ்போர்ட் கப்பலேறி அமெரிக்காவுக்கே போய் விற்றது. டெட்ராய்ட்காரனுக்கே கார் செய்து அனுப்பிய ஊர் என்று மார் தட்டிக்கொள்ள நமக்கு ஒரு நாலைந்து வருஷம் கிடைத்தது.

ஆக, கோர்த்த கையில் கோளாறு இல்லை. கோளாறு கணக்குப் போட்ட மண்டையில். சென்னை ஆலையே வயிறு நிரம்பாமல் கிடக்க, குஜராத்தில் சானந்தில் 100 கோடி டாலரைக் கொட்டி 2015-இல் இன்னொரு ஆலையைத் திறந்தார்கள். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 4,40,000 வண்டி செய்யலாம். கடைசியில் அதில் கால் பங்குகூட ஓடவில்லை. மாருதியும் ஹுண்டாயும் வருஷத்துக்கு ஒரு புதுமுகத்தை இறக்கிக்கொண்டிருக்க, ஃபோர்டு பழைய முகத்துக்கே பவுடர் பூசிக்கொண்டிருந்தது. 2019-இல் பழைய தோழன் மாப்பிள்ளை மஹிந்திராவோடு மறுபடி நிச்சயம் பேசினார்கள், 2020-இன் கடைசி நாளில் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த முடிவுகளில் ஒன்றையாவது மறைமலை நகரில் ஷிஃப்டுக்கு நின்ற எவனாவது எடுத்தானா? முடிவு எடுத்தவர்கள் யாரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. எடுக்காதவர்கள் மொத்தமாக அனுப்பப்பட்டார்கள்.

2021 செப்டம்பர் 9. அந்த அறிவிப்பின் மொழியை நம் கல்லூரிகளில் இலக்கணப் பாடமாக வைக்க வேண்டும். மூடுகிறோம் என்று தலைப்பில் சொல்லவில்லை, 'மறுசீரமைப்பு' என்றார்கள். பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம், ஆகவே 'சொத்துச் சுமை குறைந்த' தொழில்முறைக்கு மாறுகிறோம் என்றார்கள். இறக்கி வைத்த சுமை யார் என்று பார்த்தால் இரண்டு ஆலைகளிலுமாக சுமார் 4,000 பேர், அதில் சென்னையில் மட்டும் 2,600 பேருக்கு மேல். டீலர்கள் தனி. 170 பேர், 391 ஷோரூம், அவற்றை நம்பி 40,000 பேர் என்று டீலர் சங்கமே கணக்குச் சொல்லிப் புலம்பியது. அதே 2021-இல் ஃபோர்டு உலக அளவில் காட்டிய நிகர லாபம் 1,790 கோடி டாலர். கையிலிருந்த ரிவியன் பங்கின் விலை ஏறியதில் வந்தது அதில் பெரும்பகுதி. கம்பெனித் தலைவர் ஜிம் ஃபார்லிக்கு அந்த வருஷச் சம்பளமும் சன்மானமுமாக 2 கோடியே 28 லட்சம் டாலர். நட்டம் எப்போதும் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருக்கும், லாபத்துக்கு மட்டும் லிஃப்ட் உண்டு.

இதில் உச்சம் என்ன தெரியுமா? மூடுகிறோம் என்று சொன்ன அன்றே ஆலையை மூடவில்லை. ஏற்றுமதி ஆர்டர் பாக்கி இருந்தது. ஆகவே வேலை போகப்போகிறவர்களே இன்னும் பத்து மாதம் வந்து வண்டியைச் செய்து முடித்துக் கொடுக்க வேண்டும். தன் கருமாதிக்குத் தானே பந்தல்கால் நடுவது என்பார்களே, அது. இடையில் 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைப் பட்டியலில் ஃபோர்டின் பெயர் வந்தது. மறைமலை நகரில் மின்வண்டி செய்யலாமா என்று யோசிக்கிறோம் என்றார்கள். வீடுகளில் பள்ளிக்கூட ஃபீஸ் கணக்கை மறுபடி போட்டார்கள். மே மாதம் அந்த யோசனையைக் கைவிட்டோம் என்றார்கள். மே கடைசியில் ஆட்கள் வேலையை நிறுத்தி ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள். ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் வெளியே வந்தது.

சர்வீஸில் வருஷத்துக்கு எத்தனை நாள் சம்பளம் என்ற பேரம் அதற்குப் பிறகும் இழுத்தது. சட்டம் சொல்வது முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். கம்பெனி அதைவிடப் பல மடங்கு கொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. என் ஆத்திரம் அந்தப் பதினைந்தின் மேல். ஒரு மனிதன் ஒரு வருஷம் முதுகை வளைத்ததற்கு அரை மாதம் என்று எழுதி வைத்தது டியர்பார்ன் இல்லை, டெல்லி. கம்பெனியின் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் இதைக் கேட்க மறந்துவிடுவோம். மாப்பிள்ளை ஓடினால் ஜீவனாம்சம் கேட்கக் கோர்ட் இருக்கிறது. முப்பது வருஷமாக நம் அரசுகள் கம்பெனிகளோடு கையெழுத்துப் போடுகிற புரிந்துணர்வு ஒப்பந்தங்களில், வந்தால் என்ன என்பதற்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது. போனால் என்ன என்பதற்கு ஒரு வரி உண்டா? இருந்தால் அதை எங்கள் டீக்கடையில் ஒட்டச் சொல்லுங்கள். டி.வி.க்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது.

சானந்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் வேறு மாதிரி. 2022-இல் அந்த ஆலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்குப் பேசி எடுத்தது, தகுதியுள்ள ஆட்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. மறைமலை நகரில் சுவரை யாருக்கும் கொடுக்கவில்லை, ஆளை மட்டும் அனுப்பிவிட்டார்கள். 2023-இல் ஜே.எஸ்.டபிள்யூ. வாங்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டு, டிசம்பரில் ஃபோர்டு அதையும் வேண்டாம் என்றது. பூட்டிய வீட்டுக்கு வாட்ச்மேன் மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினால் இந்தத் தடத்தின் சரித்திரத்தை ஜன்னலில் பார்த்துக்கொண்டே போகலாம். பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் ஒருகாலத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் இருந்தது. இங்கிலாந்துச் சரக்கு, ஹெரால்டு, கெஸல் என்று அழகான வண்டிகள். 1985-இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒன்றை விட்டார்கள். ரோவரின் சொகுசு உடம்பு, அதற்குள் வேன்கார்டு காலத்துக் கிழட்டு இன்ஜின். பட்டுவேட்டி கட்டிய பட்டினிக்காரனைப் போல அது பெட்ரோலைக் குடித்தது. 1988-இல் ஆலை படுத்துவிட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடி. அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-இல் வந்தது, 2014 நவம்பரில் மூடியது. ஒவ்வொன்றுக்கும் வரவேற்பு வளைவு வைத்தோம். வளைவு வைத்த கட்டடக்காரர் மட்டும்தான் இந்த ஜில்லாவில் நட்டப்படாத தொழில்முனைவோர்.

2024 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் அமெரிக்கா போய் சிகாகோவில் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். சில நாளிலேயே விருப்பக் கடிதம் வந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் மேலே சொன்ன கையெழுத்து. அரசைக் குறை சொல்லவில்லை, பூட்டிக் கிடந்த ஆலையைத் திறக்க வைப்பது சின்ன வேலை இல்லை. ஆனால் கூட்டல் கழித்தல் என்று ஒன்று நாலாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு அங்கே ஆண்டுக்கு 2,00,000 கார் செய்யலாம், இப்போது பூஜ்யம். முன்பு 3,40,000 இன்ஜின் செய்யலாம், இப்போது 2,35,000. முன்பு 2,600 பேர், இப்போது 600. 3,250 கோடியை 600-ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு 5 கோடியே 41 லட்ச ரூபாய். அவ்வளவு விலை உயர்ந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் யாரோ, அவருக்குக் கேம்ப் ரோட்டில் சிலை வைக்கலாம். வண்டி முழுசாக வராது, இன்ஜின் மட்டும் பிறந்து கப்பலேறும். மாப்பிள்ளை வரவில்லை ஐயா, அவருடைய நெஞ்சாங்கூட்டை மட்டும் பார்சலில் அனுப்புகிறார். அதற்கே தெருவெல்லாம் கோலம்.

என் வயிற்றெரிச்சலுக்கு வேறொரு காரணமும் உண்டு, அது சேலையூரின் பூகோளம். கேம்ப் ரோடு முனையில் மேற்கே பார்த்து நின்றால் தாம்பரம், ஜி.எஸ்.டி. ரோடு, மறைமலை நகர். கிழக்கே திரும்பினால் மேடவாக்கம் தாண்டிச் சோழிங்கநல்லூர். அங்கே ஃபோர்டின் கண்ணாடிக் கட்டடம் ஒருநாள்கூட விளக்கணைக்கவில்லை. ஆலையை மூடிய அறிவிப்பிலேயே, இந்தியாவில் மென்பொருள், வடிவமைப்பு, கணக்கு பார்க்கும் எங்கள் 11,000 பேர் பத்திரமாக இருப்பார்கள், இன்னும் கூட்டுவோம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஒரே கம்பெனி, ஒரே சின்னம். மடிக்கணினி வைத்திருந்தவனைத் தட்டிக் கொடுத்து, ஸ்பேனர் வைத்திருந்தவனைத் தட்டிவிட்டது. இரண்டு பேரும் எங்கள் ஏரியாவில் ஒரே அப்பார்ட்மெண்டில் மேல்மாடி, கீழ்மாடியில் இருந்தார்கள். ஒருவர் வீட்டு பால்கனியில் புது ஏ.சி. மாட்டியது, அடுத்தவர் வீட்டு வாசலில் 'வாடகைக்கு' அட்டை மாட்டியது. சங்கக் கூட்டத்தில் மேல்மாடிக்காரர் கீழ்மாடிக்காரரைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? "யூனியன் வெச்சுக்கிட்டு ஆடுனா இப்படித்தான் சார் ஆகும்." சொல்லிவிட்டு மெயின்டெனன்ஸ் பாக்கியைப் பற்றிப் பேசப் போய்விட்டார். தனக்கும் ஒருநாள் 'மறுசீரமைப்பு' என்று ஆங்கிலத்தில் மெயில் வரும்போது, அதில் எழுத்துப் பிழை இருக்காது என்பது ஒன்றுதான் அவருக்குள்ள பாதுகாப்பு.

அந்த வெள்ளிக்கிழமை டீயைக் குடித்து முடித்து, தாம்பரம் போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுகிறவரை எனக்கு இரண்டு வருஷமாக முகப்பழக்கம். மீட்டருக்கு மேலே முருகன் படம், அதற்குக் கீழே பிள்ளையின் பள்ளிக்கூட ஐ.டி. கார்டு. நான் டி.வி. செய்தியைச் சொன்னேன்.

"கேட்டேன் சார். வாட்ஸ்ஆப்ல பழைய குரூப் இன்னும் இருக்கு, காலைலேர்ந்து அதுலதான் ஓடுது."

"நீங்க அங்கயா இருந்தீங்க?"

"இன்ஜின் பிளான்ட்டு சார். 2010 பேட்ச். டிப்ளமோ முடிச்சு இருபத்திரண்டு வயசுல ஏறினேன்." வண்டியை இன்னும் எடுக்கவில்லை, பின்சீட்டில் ஆள் நிரம்ப வேண்டும். "2029-ல எனக்கு நாப்பத்தொண்ணு. அப்ப ஃப்ரெஷர் எடுப்பாங்களா, என்னை மாதிரி ஆளை எடுப்பாங்களா, நீங்க என்னா சார் நெனைக்கிறீங்க?"

நான் ஒன்றும் நினைக்கவில்லை என்பதுபோல முருகன் படத்தைப் பார்த்தேன்.

அவர் சாவியைத் திருகி இன்ஜினை ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டார். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பிள்ளையின் மார்ச்சளியை டாக்டர் கேட்பதுபோல, அதைக் கேட்டார். "டாப்பெட் சத்தம் வருது சார். ஞாயித்துக்கிழமை நானே பிரிச்சுப் பாத்துக்கணும்." அப்புறம் தலையை வெளியே நீட்டி, மேடவாக்கம் பக்கமிருந்து நடந்து வந்த கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தாம்பரம், தாம்பரம்! ஒரு ஆள்தான், இன்னும் ஒரே ஒரு ஆள்!"